விகாரையின் வாசலில் நாம்

நம் பங்கு மக்கள் கடல் கடந்து பயணம் போவது இன்று அரிய செய்தியன்று. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஆகிறது. மடு அன்னையின் திருத்தலத்தை நாடிப் புறப்படும் திருப்பயணக் குழுவினர் அநுராதபுரத்தையும் கண்டியையும் கண்டு திரும்புகின்றனர். வேலையின் பொருட்டோ விடுமுறையின் பொருட்டோ தாய்லாந்து செல்வோர் உளர். வடநாட்டுப் பயணத்தில் புத்த கயையை எட்டிப் பார்ப்போரும் உளர். இவ்வாறு புறப்படுவோர் பலர் குருக்களாகிய நம்மிடம் தயக்கத்தோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, புத்த கோயிலுக்குள் போகலாமா? போனால் கைகூப்பலாமா? அவர்கள் பூ வைக்கச் சொன்னால் வைக்கலாமா?"

இதற்கு எளிதான இரு பதில்கள் உள்ளன. "அது நமக்கு ஆகாத இடம், வெளியிலேயே நின்றுவிடுங்கள்" என்பது ஒன்று. "எல்லாம் ஒன்றுதான், அவர்கள் செய்வதையெல்லாம் நீங்களும் செய்யுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டுமே நம்மைச் சிந்திக்கும் தொல்லையிலிருந்து விடுவித்துவிடுகின்றன. ஆனால் முதல் பதிலில் அன்பு இல்லை. இரண்டாம் பதிலில் உண்மை இல்லை. அன்பும் உண்மையும் ஒருங்கே அமைந்த நடத்தை எது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருள். சிறிய கேள்வியெனத் தோன்றினும் பிறர் நம்பிக்கையை நாம் எப்படி நடத்துகிறோம், நம் நம்பிக்கையை நாம் எப்படிக் காத்துக்கொள்கிறோம் என்னும் இரு பெரிய கேள்விகள் இதனுள் அடங்கியுள்ளன.

வீட்டார் வகுத்த ஒழுங்கு

விகாரைக்குள் நுழைவோரிடம் எதிர்பார்க்கப்படும் ஒழுங்குகள் எவை என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இலங்கையில் செருப்பையும் தொப்பியையும் வெளியே கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். தோள்களையும் முழங்கால்களையும் மறைக்கும் உடை தேவை. அந்நாட்டுப் பக்தர்கள் பெரும்பாலும் வெள்ளுடை அணிந்து வருவர். அநுராதபுரத்தின் கல்தளம் நண்பகல் வெயிலில் காலைச் சுடும். ஆயினும் முதியோரும் குழந்தைகளும் வெறுங்காலோடுதான் நடக்கின்றனர். தூபியைச் சுற்றுவோர் அது தம் வலப்பக்கம் இருக்குமாறு சுற்றுகின்றனர். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் பிடித்துக்கொள்வது பெரும் அவமதிப்பாகக் கருதப்படுகிறது. காணிக்கையாகக் கொண்டுசெல்லும் பூவை முகர்ந்து பார்ப்பதும் தகாது.

தாய்லாந்தில் வேறு சில ஒழுங்குகளும் உள்ளன. கோயிலின் வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும். தரையில் அமரும்போது உள்ளங்கால்கள் சிலையை நோக்கி நீளாதவாறு பின்புறமாக மடக்கிக்கொள்ள வேண்டும். பெண்கள் பிக்குவைத் தொடலாகாது. ஒரு பொருளைக் கொடுக்க நேர்ந்தால், பிக்கு விரித்து வைக்கும் துணியின்மேல் அதனை வைக்க வேண்டும். பிக்கு அமர்ந்திருக்கும் இடத்தைவிட உயர்ந்த இருக்கையில் அமர்வதும் முறையன்று.

இவற்றுள் எது நமக்கு முற்றிலும் அந்நியம்? பெரியோர் முன் காலை நீட்டி அமராதே என்று நம் பாட்டிமார் கண்டித்ததில்லையா? நிலைப்படியை மிதிக்காதே என்று தமிழ் வீடுகளில் சொல்லப்படுவதில்லையா? நம் சிற்றூர்க் கோவில்கள் பலவற்றின் வாசலில் ஞாயிறு காலையில் செருப்புகள் குவிந்து கிடப்பதை நாம் அறிவோம். எரியும் முட்செடியின் முன் மோசே தம் மிதியடியைக் கழற்றினார் என்று விடுதலைப் பயண நூல் கூறுவதைக் கேட்கும் தமிழ்க் கிறிஸ்தவருக்கு விளக்கவுரை தேவையில்லை. அவருடைய காலுக்கே அது தெரியும்.

ஆனால் ஓர் ஒழுங்கு மட்டும் நமக்குச் சற்று வியப்பைத் தரலாம். இலங்கையிலும் தாய்லாந்திலும் ஒருவர் பிக்குவை நோக்கிக் கைகூப்பினால், பிக்கு பதிலுக்குக் கைகூப்புவதில்லை. இதைச் செருக்கு என்று தவறாக எண்ணி மனம் கசந்து திரும்புவோர் உண்டு. அது செருக்கன்று. துறவாடைக்கும் அத்துறவு வாழ்வுக்கும் செலுத்தப்படும் வணக்கத்தை ஒரு தனிமனிதர் தமக்குரியதாக எடுத்துக்கொண்டு திருப்பித் தருவதில்லை என்பதே அவ்வழக்கத்தின் உட்கருத்து எனலாம். நமக்கு இதில் நல்ல பயிற்சி இருக்கிறது. வணக்கத்திற்குப் பதில் வணக்கம், விருந்துக்குப் பதில் விருந்து என்று கணக்கு வைத்தே பழகிவிட்ட நமக்கு, திரும்பி வராத மரியாதையைக் கொடுத்துவிட்டு அமைதியாக நிற்பது எளிதன்று.

உடலும் பேசும்

இனி, கேள்வியின் மையத்திற்கு வருவோம். நாவைப் போலவே உடலும் பேசுகிறது. நாவால் பொய் சொல்லலாகாது எனில், உடலாலும் பொய் சொல்லலாகாது. ஆகவே விகாரையில் நாம் செய்யும் ஒவ்வொரு செயலையும், "இதன் மூலம் நாம் என்ன சொல்கிறோம்? அது உண்மையா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

செருப்பைக் கழற்றும்போது நாம் சொல்வது என்ன? "இவ்விடம் உங்களுக்குப் புனிதமானது என்பதை நாங்கள் அறிவோம்" என்பதே. இது உண்மை. உடலை மறைத்துக்கொள்வதும், குரலைத் தாழ்த்துவதும், வழிபடுவோர் நடுவே குறுக்கே நடவாமல் காத்து நிற்பதும் இதே உண்மையைத்தான் சொல்கின்றன. ஆதலின் இவற்றைச் செய்வதில் நம் நம்பிக்கைக்கு எள்ளளவும் குறைவில்லை. செய்யாமல் விடுவதே குறை.

கைகூப்புவது அடுத்தது. தமிழருக்குக் கைகூப்புதல் வழிபாடு மட்டுமன்று. அது வரவேற்பு, நன்றி, மன்னிப்பு, விடைபெறுதல் எல்லாமே. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரும் கைகூப்புகிறார். வீட்டுக்கு வந்த சம்பந்தியும் கைகூப்புகிறார். ஆகவே ஒரு பிக்குவின் முன் கைகூப்பித் தலை தாழ்த்துவது, துறவு வாழ்வை மேற்கொண்ட ஒருவருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகவே அமையும். நம் திருச்சபை, இறைவன் ஒருவருக்கே உரிய ஆராதனையையும் புனிதர்க்குச் செலுத்தும் வணக்கத்தையும் வேறு பிரித்துப் போதிக்கிறது. உடலின் வளைவு ஒன்றேயாயினும் உள்ளத்தின் நோக்கம் வேறு என்பதை மறைக்கல்வி பயின்ற நாம் அறிவோம்.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளில் அடைக்கலம் புகுவதாகச் சொல்லும் வாய்மொழியை மற்றவர்களோடு சேர்ந்து ஓதுவதும், பூவும் தூபமும் வழிபாடாகச் செலுத்துவதும் இந்நிலையைச் சார்ந்தவை. இதன் மூலம் உடலும் நாவும் சொல்வது, "இதுவே என் அடைக்கலம்" என்பதாகும். கிறிஸ்துவில் திருமுழுக்குப் பெற்ற நாம் இதைச் சொன்னால் அது உண்மையாகாது. தேரவாத பௌத்தம் புத்தரைப் படைப்பின் கடவுளாகக் கொள்வதில்லை. வழி காட்டிய ஆசானாகவே போற்றுகிறது. ஆகவே சிலை வழிபாடு என்னும் பேச்சுக்கே இடமில்லை, தாராளமாக ஓதலாம் என்று சிலர் வாதிடக்கூடும். அவ்வாதம் பௌத்தருக்கே நியாயம் செய்யாது. அடைக்கலம் புகுதல் அவர்களுக்கு ஒரு சடங்கு வார்த்தையன்று. வாழ்நாள் முழுவதற்குமான உறுதிப்பாடு. பொருள் உணராமல், மனமும் ஒப்பாமல், ஊரோடு ஒத்துப்போவதற்காக அதை ஓதுவோர் அவர்களை மதிப்பதில்லை. அவர்களுடைய சொல்லின் எடையைக் குறைத்துவிடுகின்றனர். நம் நற்கருணைப் பந்தியில் நம்பிக்கையில்லாத ஒருவர் மரியாதைக்காக வந்து நாக்கை நீட்டினால் நாம் மகிழ்வோமா?

எனவே நாம் காணும் எல்லைக்கோடு இதுவே: அவர்களுடைய புனிதத்தை மதிக்கும் எதையும் செய்வோம்; அவர்களுடைய நம்பிக்கையை நடிக்கும் எதையும் செய்யோம். இரண்டும் ஒரே மரியாதையின் இரு பக்கங்களே.

இக்கோட்டை எங்கே போடுவது என்பது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. சீனக் கிறிஸ்தவர்கள் தம் முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் செலுத்தி வந்த மரியாதைச் சடங்குகளை 1742ஆம் ஆண்டு திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் உறுதியாகத் தடை செய்தார். 1939ஆம் ஆண்டில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் காலத்தில், அவற்றுள் சமூக மரியாதையாகக் கொள்ளத்தக்கவை அனுமதிக்கப்பட்டன. ஒரு செயலின் பொருளை, அதைச் செய்யும் மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே தீர்ப்பிட வேண்டும் என்பதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கால வழக்கு நமக்குக் கற்பித்திருக்கிறது.

திருமறை காட்டும் நால்வகை நடத்தை

விவிலியத்தில் இதற்கு ஒளி உண்டா? உண்டு, அதுவும் ஒரே நிறத்தில் இல்லை. தானியேல் நூலில் மூன்று இளைஞர் அரசன் நிறுத்திய பொற்சிலையின் முன் விழ மறுத்துச் சூளையில் எறியப்படுகின்றனர். அங்கே கேட்கப்பட்டது மரியாதையன்று, ஆராதனை. அதுவும் உயிருக்கு அஞ்சிச் செய்ய வேண்டிய ஆராதனை. அதனை மறுத்ததே அவர்களுடைய பெருமை.

அரசர்கள் இரண்டாம் நூலிலோ சிரியப் படைத்தலைவராகிய நாமானைச் சந்திக்கிறோம். தொழுநோய் நீங்கி, இஸ்ரயேலின் இறைவனையே இனி வழிபடுவதாக உறுதிகூறும் அவர், எலிசாவிடம் ஒரு தயக்கத்தை வெளியிடுகிறார். தம் அரசர் ரிம்மோனின் கோவிலுக்குள் செல்லும்போது தம் கையில் சாய்ந்துகொள்வார். அவரோடு தாமும் குனிய நேரிடும். அதனை ஆண்டவர் மன்னிப்பாராக என்று வேண்டுகிறார். கடுமைக்குப் பெயர்போன இறைவாக்கினர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அமைதியாகச் சென்றுவரும்படி விடைகொடுக்கிறார். உள்ளம் யாருக்குரியது என்பது தெளிவாக இருக்குமிடத்தில், கடமையின் பொருட்டும் மனித உறவின் பொருட்டும் நேரும் ஒரு குனிவை இறைவன் எடைபோடும் விதம் வேறு என்று இதிலிருந்து நாம் உணரலாம்.

புதிய ஏற்பாட்டில் பவுலடியார் ஏதென்சு நகரின் வழிபாட்டிடங்களைச் சுற்றிப் பார்க்கிறார். அவர் உள்ளம் கொதித்ததும் உண்மை. ஆனால் அவர் எதையும் உடைக்கவில்லை. கூர்ந்து நோக்குகிறார், அங்கிருந்த ஒரு பலிபீடத்தின் எழுத்துகளை வாசிக்கிறார், அதிலிருந்தே தம் உரையைத் தொடங்குகிறார். தெரிந்துகொள்ளாமல் பேச மறுப்பதும் ஒரு மரியாதைதான்.

நான்காவது நிகழ்ச்சி நம் மறையுரைகளில் அதிகம் இடம்பெறாத ஒன்று. எபேசில் பெருங்குழப்பம் மூளுகிறது. அர்த்தமி தேவியின் பெயரைச் சொல்லிக் கூட்டம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முழங்குகிறது. அப்போது அந்நகரின் எழுத்தர் எழுந்து, பிடித்துவரப்பட்ட இந்த மனிதர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்லர், நம் தேவியைப் பழித்தவர்களும் அல்லர் என்று மக்களிடம் எடுத்துரைக்கிறார். அவர் கிறிஸ்தவரல்லர், அத்தேவியை வழிபட்டவர். எபேசில் மாற்றமில்லாத நற்செய்தியைப் பவுல் துணிவோடு போதித்தார். ஆயினும் பிறருடைய தெய்வத்தை இழிவுபடுத்தினார் என்னும் குற்றச்சாட்டுக்கு அவருடைய தோழர்கள் இடங்கொடுக்கவில்லை. சான்று பகர்தலும் பண்போடு நடத்தலும் ஒன்றையொன்று வெட்டும் என எண்ணுவோர்க்கு எபேசின் எழுத்தரே விடை.

வரலாறு விட்டுச்சென்றவை

எபேசின் எழுத்தர் கூறியதை நம் வரலாறு முழுவதற்கும் கூற முடியுமா? முடியாது. 1560ஆம் ஆண்டு கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கேயப் பதிலாளர் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தார். அப்போது கைப்பற்றப்பட்ட பொருள்களுள் புத்தரின் பல் எனப் போற்றப்பட்ட ஒன்றும் இருந்ததாக அக்கால வரலாற்று ஆசிரியர் எழுதிவைத்துள்ளனர். பெகு நாட்டு அரசர் அதற்காகப் பெருந்தொகை தர முன்வந்தார். கோவாவின் பேராயர், பணத்திற்காக அதை விற்பது சிலை வழிபாட்டுக்குத் துணைபோவதாகும் என்று கருதி, அதனை உரலில் இடித்து எரிக்கச் செய்தார். உண்மைப் பல் அதுவன்று, அது தங்களிடமே காப்பாகத் தங்கியது என்பது பௌத்தரின் உறுதியான நம்பிக்கை. இன்று கண்டி தலதா மாளிகையில் அது போற்றப்படுகிறது. பேராயர் காசுக்கு மயங்கவில்லை, அது மெச்சத்தக்கதே. ஆனால் விற்காமலும் எரிக்காமலும் உரியவர்களிடம் திருப்பித் தரலாம் என்னும் வழி அவருக்கு முன் இருந்தது. இறைவனின் மாண்பைக் காக்க, பிறர் தொழுவதை உரலிலிட்டு இடிக்க வேண்டிய தேவை இறைவனுக்கு இல்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய ஊர் நாகப்பட்டினம். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் பலர் கடந்துபோகும் ஊர். முதலாம் இராசராச சோழன் காலத்தில் கடல்கடந்த சீவிசய அரசரின் முயற்சியால் அங்கே சூடாமணி விகாரம் எழுந்தது. சைவனாகிய சோழ அரசன் அந்தப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான் என்பதைச் செப்பேடுகள் கூறுகின்றன. காலப்போக்கில் வழிபாடு நின்று, அந்நகரின் பௌத்தக் கட்டடங்களுள் ஒரு கோபுரம் மட்டும் பாழடைந்து எஞ்சியிருந்தது. 1867ஆம் ஆண்டு, அரசின் இசைவோடு, அங்குக் கல்லூரி நடத்திவந்த இயேசு சபைக் குருக்கள் அதனை இடித்து அகற்றினர். அந்நகரில் கண்டெடுக்கப்பட்ட 300க்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகளுள் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தொழுவார் இல்லாத இடிபாடுதானே என்று அன்று எண்ணியிருக்கலாம். ஆனால் வேற்று மறையினன் ஒருவன் கொடையளித்துப் போற்றிய மரபை நினைக்கும்போது, சோழன் கொடுத்த மரியாதை நமக்கு முன் ஓர் அளவுகோலாக நிற்கிறது.

ஒளி தரும் பக்கமும் உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்து குருக்களைத் துரத்திய காலத்தில், 1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தவர் யோசேப்பு வாஸ் அடிகளார். 1692இல் கண்டிக்குச் சென்ற அவரை ஒற்றன் என்று ஐயுற்றுச் சிறையிட்டனர். உண்மை தெரிந்த பின்னர் அவருக்கு உரிமையும் பாதுகாப்பும் கொடுத்தவர் இரண்டாம் விமலதர்மசூரியர் என்னும் பௌத்த மன்னர். கிறிஸ்தவ அரசு வேட்டையாடிய குருவுக்குப் பௌத்த அரசு புகலிடமாயிற்று. இலங்கைத் திருச்சபை மறுவாழ்வு பெற்றது அந்நிழலில்தான். விகாரையின் வாசலில் செருப்பைக் கழற்றும் தமிழ்க் கத்தோலிக்கர் இந்த நன்றிக்கடனையும் நினைவில் கொள்வது தகும்.

1965 அக்டோபர் 28 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை பௌத்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாயிருக்கும் எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று கற்பித்தது. ஆனால் ஏட்டில் உள்ள மரியாதை நாவில் தவறினால் என்னாகும் என்பதை 1995 சனவரியில் கண்டோம். யோசேப்பு வாஸ் அடிகளாருக்கு அருளாளர் பட்டம் அளிக்கக் கொழும்பு வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரைச் சந்திக்கும் பல்சமயக் கூட்டத்திற்குப் பௌத்தத் தலைவர்கள் வரவில்லை. முந்தைய ஆண்டு வெளியான அவருடைய நூலில் பௌத்தம் பற்றி எழுதப்பட்டிருந்த கருத்து அவர்களைப் புண்படுத்தியிருந்தது. திருத்தந்தை தம் வருகையின்போது பௌத்தத்தின்பால் தமக்குள்ள மதிப்பை எடுத்துரைத்தார். எனினும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. காலில் உள்ள செருப்பைக் கழற்றுவது எளிது. ஒரு சமயத்தைப் பற்றி அச்சமயத்தார் ஒப்புக்கொள்ளும்படி பேசுவதுதான் கடினம்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2015 சனவரி 14 அன்று, அதே வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திய திருத்தந்தை பிரான்சிஸ், மடுவுக்குச் சென்று திரும்பிய மாலையில், நிகழ்ச்சி நிரலில் இல்லாதவாறு கொழும்பில் ஒரு விகாரையை நாடிச் சென்றார். பிக்குகள் ஓதியதை அவர் மரியாதையோடு செவிமடுத்தார் என்று வத்திக்கான் பேச்சாளர் பின்னர் தெரிவித்தார். 2019 நவம்பர் 21 அன்று பாங்காக்கில் தாய்லாந்துப் பௌத்தரின் உச்சத் தலைவரைக் கோயிலில் சந்தித்தபோது, அவர் தம் காலணிகளைக் கழற்றிவிட்டு அமர்ந்திருந்தார். போனார், கழற்றினார், அமர்ந்தார், கேட்டார். நாம் இதுவரை விளக்கியதெல்லாம் இந்த நான்கு செயல்களில் அடங்கிவிடுகின்றன.

காயம்பட்டவர்களின் கேள்வி

இங்கே ஒரு குரல் நம்மை இடைமறிக்கக்கூடும். "நீங்கள் சுற்றுலாப் பயணிக்கு அறிவுரை சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் எங்களைக் கேளாமல் நிறுவப்பட்ட புத்தர் சிலையை நாங்கள் எப்படி மதிப்பது?" என்று ஈழத்துத் தமிழ்ச் சகோதரர் கேட்டால், அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. ஒரு சமயத்தின் அடையாளம் ஆட்சியின் அடையாளமாகவும் நிறுத்தப்படும்போது, அதன் முன் தலை தாழ்த்துவது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல் தோன்றும் என்பது உண்மையே.

ஆயினும் இவ்விடத்தில்தான் நாம் மிகுந்த நிதானத்தோடு வேறு பிரிக்க வேண்டியுள்ளது. நில உரிமையைப் பற்றிய நியாயத்தை நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பொதுமேடையிலும் கேட்பது குடிமக்களின் உரிமை; கடமையும்கூட. அவ்வழக்கின் சினத்தை, மல்லிகைப் பூத்தட்டோடு போயா நாளில் நிற்கும் ஓர் ஏழைத் தாயின்மேல் இறக்குவது நியாயமாகாது. அவள் அந்தச் சிலையை அங்கு நிறுத்தவில்லை. நோயுற்ற தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

புனித இடம் போர்க்களமானால் என்னாகும் என்பதை அத்தீவு கண்ணீரால் எழுதியிருக்கிறது. 1985 மே 14 அன்று அநுராதபுரத்தில் வெள்ளரசு மரத்தடியில் வழிபட்டுக்கொண்டிருந்தோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1995 சூலை 9 அன்று நவாலி புனித இராயப்பர் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள்மீது அரசின் விமானம் குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1998 சனவரி 25 அன்று தலதா மாளிகையின் வாசலில் வெடிகுண்டு ஏற்றிய வண்டி வெடித்தது. 1999 நவம்பரில் மடு அன்னையின் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்தோர்மேல் எறிகணைகள் விழுந்தன. போர் 2009இல் முடிந்தது. ஆனால் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களுக்குள் மீண்டும் இரத்தம் சிந்தப்பட்டது. இப்பட்டியலில் எந்த இனத்தாரும் எந்தச் சமயத்தாரும் தம்மை மட்டும் துன்புற்றோர் என்று சொல்லிவிட முடியாது. பிறர் வழிபாட்டிடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும் சிறிய செயல், குண்டோடு அவ்வாசலை மிதிக்கும் மனப்பான்மைக்கு எதிர்முனையில் நிற்கிறது. அதனால்தான் அதை நாம் வெறும் நாகரிகம் என்று எண்ணிவிடலாகாது.

மரியாதை கேட்போருக்கும் இங்கே ஒரு சொல் உண்டு. 2012இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படம் எடுத்துக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகளுக்கு இலங்கை நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. 2014இல் கையில் புத்தர் உருவைப் பச்சை குத்தியிருந்த பெண் பயணி ஒருவர் தடுத்து வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவர் அதைப் பக்தியோடு குத்திக்கொண்டவர். 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அவருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அவமதிப்பைச் சட்டம் தடுக்கலாம். மரியாதையைச் சட்டத்தால் விளைவிக்க முடியாது. அது உள்ளத்திலிருந்து விரும்பித் தரப்பட வேண்டிய காணிக்கை. இது விகாரைக்கும் பொருந்தும். நம் கோவில்களுக்கும் பொருந்தும்.

புறப்படுவோருக்குச் சில சொற்கள்

பயணம் புறப்படும் அன்பர்கள் நடைமுறையில் சந்திக்கக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிப்போம். விகாரையில் பிக்கு ஒருவர் வெண்ணூலை ஓதி உங்கள் மணிக்கட்டில் கட்ட முன்வரலாம். அது நன்மை விரும்பிச் செய்யும் செயல். நல்லெண்ணமாக மட்டும் அதை ஏற்க உங்கள் மனச்சான்று இடம் தந்தால் ஏற்கலாம். இடம் தராவிடில், கைகூப்பி, இன்முகத்தோடு, தாம் கத்தோலிக்கர் என்று சொல்லி விலகலாம். அதனால் அவர் வருந்தமாட்டார். முன்னால் ஏற்றுக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் அறுத்தெறிவதுதான் அவமரியாதை.

பூத்தட்டை உங்கள் கையில் கொடுத்தால், அதை ஏந்தி வந்த பக்தரிடமே பணிவோடு திருப்பித் தாருங்கள். அப்பூக்கள் வாடுவதுபோல் இவ்வுடலும் வாடும் என்று அவர்கள் அங்கே நினைத்துக்கொள்வதை நீங்களும் நினைத்துக்கொள்ளலாம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் ஏற்கும் நமக்கு அந்த நினைவு புதிதன்று. அமைதியாக நிற்கும்போது உங்கள் இதயத்தில் நம் ஆண்டவரிடம் செபிக்க எவரும் தடை சொல்லப்போவதில்லை. அங்குள்ளோருக்காகவும் செபியுங்கள்.

உடன் வரும் பிள்ளைகளுக்கு வாசலிலேயே விளக்கம் சொல்லிவிடுங்கள். "ஏன் செருப்பைக் கழற்றுகிறோம், ஏன் பூ வைக்கவில்லை" என்னும் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பிள்ளை அரைகுறையாகக் கற்கும். நம் செயலைக் கண்டு மனம் குழம்பக்கூடிய எளிய விசுவாசிகள் குழுவில் இருந்தால், அவர்களுக்காக நம் உரிமையையும் சற்றுச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பது கொரிந்தியருக்குப் பவுலடியார் தந்த அறிவுரை. படைக்கப்பட்ட உணவைப் பற்றி அவர் சொன்னது, கைகூப்புவதற்கும் பொருந்தும்.

பேருந்தில் ஏறி அமர்ந்த பின் நாம் பேசும் பேச்சும் மரியாதையில் அடங்கும். உள்ளே தலை தாழ்த்திவிட்டு, வெளியே வந்ததும் ஏளனம் செய்தால், முன்னது நடிப்பாகிவிடும். வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் வரும் பிற சமயத்தார் நம் அன்னையைப் பற்றித் திரும்பும் வழியில் எவ்வாறு பேச வேண்டும் என்று விரும்புகிறோமோ, அவ்வாறே நாமும் பேசுவோம்.

நாம் வந்துபோன பின், அந்த விகாரையைப் பெருக்கும் முதியவர் ஒருவர் தம் அண்டை வீட்டாரிடம் என்ன சொல்வார்? இவர்கள் நம் வழிபாட்டில் சேரவில்லை, ஆனால் நம் புத்தரை இழிவுபடுத்தவும் இல்லை, நம் தரையை மதித்தே நடந்தார்கள் என்று அவர் சொல்வாரானால், எபேசின் எழுத்தர் பவுலின் தோழர்களுக்குத் தந்த சான்று நமக்கும் கிடைத்ததாகும்.